ஒரு நகரத்துக்கு ஓர் அலமாரி: ஷாங்காய் நூல்கள் குறித்துத் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும், பொது நூலகங்களுக்கு நூல் தெரிவு செய்யும் குழுவினருக்கும் வணக்கம்.

சீனாவைப் பற்றித் தமிழில் நூல்கள் இல்லை என்று குறைப்படுவதற்காக இதை எழுதவில்லை. நூல்கள் இருக்கின்றன. செஞ்சேனையின் நெடும்பயணத்தைப் பற்றியும் மாவோவைப் பற்றியும் இடதுசாரிப் பதிப்பகங்கள் பல பத்தாண்டுகளாக வெளியிட்டு வந்திருக்கின்றன. லூ சுன் கதைகளை இலங்கையின் கே. கணேஷ் நமக்குத் தமிழில் தந்தார். பெய்ஜிங்கிலிருந்து 1963 முதல் தமிழிலேயே வானொலி ஒலிபரப்பு நடந்தது. அண்மைக் காலத்தில் சீனப் பொருளாதாரத்தின் எழுச்சி, எல்லைச் சிக்கல், வல்லரசுப் போட்டி ஆகியவற்றைப் பேசும் நூல்களும் வந்து சேர்ந்துள்ளன. இவை எல்லாவற்றிலும் பேசப்படுவது நாடு, பேசுகிறவர்கள் தலைவர்கள். அந்த நாட்டின் ஒரு நகரத்தில், ஒரு தெருவில், வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்கள் எங்கே சமைத்தார்கள், தண்ணீர் எங்கே பிடித்தார்கள், எந்த ஆலைக்கு எந்த வழியாக நடந்து போனார்கள், யாரோடு சண்டையிட்டார்கள் என்று அறிய விரும்பும் தமிழ் வாசகர், ஆங்கில நூல்களைத் தேடிப் போகவேண்டிய நிலையில்தான் இன்னமும் இருக்கிறார்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். சீனாவை மொத்தமாகச் சொல்ல முயலும் நூல்களைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்து, ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாழ்வையும் வரலாற்றையும் சமூகத்தையும் சொல்லும் நூல்களை ஒரு வரிசையாகத் தமிழில் கொண்டுவாருங்கள். அந்த நகரம் ஷாங்காயாக இருக்கட்டும். தொழில் நிமித்தம் அங்கே சில காலம் குடியிருந்தவன் என்ற பாசம் இந்தப் பரிந்துரையில் கலந்திருப்பதை மறைக்கவில்லை. ஆனாலும், சீன நகரங்களுள் ஷாங்காயைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அத்தனை கோணங்களில், அத்தனை தரமாக வேறெந்த நகரத்தைப் பற்றியும் எழுதப்பட்டிருக்கிறதா என்பது ஐயமே.

முதலில் களையவேண்டிய கதை ஒன்று உண்டு. மீன்பிடிக் குப்பமாகக் கிடந்த இடத்தை வெள்ளையர்கள் வந்து பெருநகரமாக்கினார்கள் என்பது அக்கதை. அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட இந்தப் பெருமையைத் தமிழ்ப் பயணக் கட்டுரைகளும் வழிமொழிந்து வருகின்றன. ஷாங்காய் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒரு மாவட்டத்தின் தலைமையிடம். சுற்றுவட்டாரத்தில் விளைந்த பருத்தியும் அங்கே நெய்யப்பட்ட துணியும் அதன் படித்துறைகள் வழியாகத்தான் சீனாவின் வடக்குக்கும் தெற்குக்கும் போயின. கடற்கொள்ளையருக்கு அஞ்சி 1553இல் அதற்கு மதில் எழுப்பினார்கள்; ஒன்றுமில்லாத குப்பத்துக்கு யாரும் மதில் கட்டுவதில்லை. அந்த மதில் 1912 முதல் 1914 வரையான ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. அது நின்ற வட்டத்தில் இன்று ரென்மின் சாலையும் ஜோங்ஹுவா சாலையும் வளைந்து ஓடுகின்றன என்பதை நகர வரைபடத்தில் எவரும் காணலாம்.

முதல் அபினிப் போரில் தோற்ற சீனா 1842இல் நான்ஜிங் உடன்படிக்கையில் ஒப்பமிட, மறு ஆண்டு நவம்பரில் ஷாங்காய் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் அந்நகரம் ஒரு நூற்றாண்டு மூன்று ஆட்சிகளின் கீழ் வாழ்ந்தது. மதிலுக்குள்ளும் புறநகரிலும் சீன ஆட்சி. அதை அடுத்து பிரெஞ்சுக்காரர்களின் பகுதி. வடக்கே ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்து அமைத்த பன்னாட்டுக் குடியிருப்பு. தெருவைக் கடந்தால் சட்டம் மாறும், போலீஸ் மாறும். ஒரு பகுதியில் தேடப்பட்ட புரட்சிக்காரரும் போக்கிரியும் அடுத்த பகுதியில் மூச்சு வாங்கிக்கொள்ள முடிந்ததற்கு இதுவே காரணம். சீனப் பொதுவுடைமைக் கட்சி 1921இல் தன் முதல் மாநாட்டைப் பிரெஞ்சுப் பகுதியின் ஒரு சந்து வீட்டில் கூட்டியதும், அங்கும் போலீஸ் நுழைந்ததால் கடைசி அமர்வை வேறு ஊரில் ஒரு படகுக்கு மாற்றிக்கொண்டதும் இந்தப் பின்னணியில்தான்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு, பெருமைப்படத்தக்க பங்கு அன்று. ஷாங்காய்க்கு வந்து இறங்கிய அபினி இந்திய மண்ணில் விளைந்தது. பம்பாயில் செல்வம் சேர்த்த சாசூன் குடும்பம்தான் பின்னாளில் ஆற்றங்கரையில் மிக உயரமான விடுதிகளுள் ஒன்றைக் கட்டியது. பன்னாட்டுக் குடியிருப்பின் போலீஸில் 1880களிலிருந்து சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள். தலைப்பாகையோடு நாற்சந்தியில் நின்ற அவர்களை ஷாங்காய் மக்கள் கேலிப் பெயர் வைத்தே அழைத்தார்கள். 1925 மே 30 அன்று நான்ஜிங் சாலையில் திரண்ட மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, ஆணையிட்டவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி; சுட்டவர்கள் சீக்கியக் காவலர்களும் சீனக் காவலர்களும். சீன தேசிய இயக்கத்தின் திருப்புமுனை என்று பள்ளிப் பாடங்களில் சொல்லப்படும் அந்நிகழ்ச்சியில் இந்தியர் நின்ற இடம் எது என்பதை இந்திய வாசகர் அறிந்துகொள்வது நல்லது. அந்தச் சீக்கியர்கள் வெறும் ஏவலாட்களாக மட்டும் இருந்துவிடவில்லை. அயல்நாட்டு இந்தியர்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய கதர் (Ghadar) இயக்கமும் பின்னர் இந்திய தேசிய ராணுவமும் அவர்களிடையே ஆள் திரட்டின. சாவ் யின் என்ற ஆய்வாளர் இதைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். தமிழுக்கு வரவேண்டிய நூல்களுள் அதுவும் ஒன்று. ஆனால் முதல் நூல் அதுவன்று.

முதலில் வரவேண்டியது லூ ஹான்சாவ் 1999இல் வெளியிட்ட, ‘நியான் விளக்குகளுக்கு அப்பால்’ என்று தமிழில் தலைப்பிடத்தக்க நூல் என்பது என் துணிபு. ஷாங்காய் என்றதும் எவர்க்கும் நினைவுக்கு வருபவை ஆற்றங்கரை மாளிகைகளும் நடன அரங்குகளும் சீட்டு விளையாட்டும் சிகரெட் விளம்பரத்தில் சிரிக்கும் பெண்களுமே. அந்த மினுக்கெல்லாம் நகரத்து மக்களில் மிகச் சிறு பகுதியினருக்கே உரியது. பெரும்பாலோர் தங்கள் சந்திலிருந்து நடந்து போகும் தொலைவுக்குள்ளேயே அரிசிக்கடை, கரிக்கடை, தையற்காரர், வெந்நீர்க்கடை என எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, மேல்நாட்டு மோகம் என்று சொல்லப்படுவதன் வாடை அதிகம் படாமலேயே வாழ்ந்தார்கள் என்று லூ ஹான்சாவ் நிறுவுகிறார். ரிக்ஷா இழுத்தவர்கள், ஆற்றோரக் குடிசைகளில் ஒதுங்கியவர்கள், சந்து வீடுகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தவர்கள் ஆகியோரே அவருடைய நூலின் மாந்தர்கள்.

அந்தச் சந்து வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் ஷாங்காயைப் பற்றிய நல்ல நூல்கள் அனைத்துக்கும் வாசற்படி அதுதான். தொடக்கத்தில் வெளிநாட்டார் குடியிருப்பில் சீனர் வசிக்க இடமில்லை. 1853இல் மதில் நகரத்துக்குள் கிளர்ச்சி மூண்டதும், 1860இல் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்த தைப்பிங் படைகள் அருகிலுள்ள சூசோ நகரைக் கைப்பற்றியதும், சுற்றுவட்டாரத்து மக்கள் பல்லாயிரக்கணக்கில் குடியிருப்புக்குள் தஞ்சம் புகுந்தார்கள். வாடகைக்கு விட்டால் பணம் கொட்டும் என்று கண்டுகொண்ட வெளிநாட்டு வணிகர்கள் வரிசை வரிசையாக மர வீடுகளை எழுப்பினார்கள். அவை எளிதில் தீப்பற்றியதால், 1870களிலிருந்து செங்கல்லும் மரமும் கலந்த வீடுகள் வந்தன. கருங்கல் சட்டத்தில் கறுப்பு வண்ணம் பூசிய இரட்டைக் கதவு, உள்ளே சிறு முற்றம், முற்றத்தை நோக்கிய கூடம், பின்புறம் அடுக்களை. அடுக்களைக்கு மேலே, மாடிப்படி திரும்பும் இடத்தில், வடக்குப் பார்த்த ஒரு சிற்றறை. அந்த அறைக்கு மேலே துணி உலர்த்தும் மொட்டைமாடி என்பதால் கோடையில் வெயில் நேராக இறங்கும். குளிர்காலத்தில் வாடைக்காற்று நுழையும். வீட்டிலேயே வாடகை மலிவான அறை அதுதான். வேலை தேடி வந்த இளைஞர்களும், கையில் காசில்லாத எழுத்தாளர்களும் அதில் குடியேறினார்கள். நவீனச் சீன இலக்கியத்தின் கணிசமான பகுதி இத்தகைய அறைகளில் எழுதப்பட்டதால், அந்த அறையின் பெயராலேயே ஒரு தலைமுறை எழுத்தாளர்களைச் சுட்டுவது வழக்கமாயிற்று.

ஒரு குடும்பத்துக்கென்று கட்டப்பட்ட வீடு அப்படியே நீடிக்கவில்லை. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்தவர், கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து ஒருவருக்கும், மாடியின் முன்பகுதியை இன்னொருவருக்கும், பரணை வேறொருவருக்கும் உள்வாடகைக்கு விட்டார். இப்படி நடுவே நின்று பிழைத்தவர்கள் ஒரு தனி வர்க்கமாகவே வளர்ந்தார்கள். சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களில் வளர்ந்த வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. குழாயடிச் சண்டை முதல் அடுத்த வீட்டுக் குழம்பின் மணம் வரை அவர் தாமே இட்டு நிரப்பிக்கொள்வார். 1949க்குப் பின் வீட்டுடைமை அரசின் கைக்குப் போனபோதும் நெருக்கடி குறையவில்லை. நான் போய்வந்த ஒரு பழைய சந்து வீட்டின் பொது அடுக்களையில், ஒரே விட்டத்திலிருந்து ஐந்தாறு மின்விளக்குகள் அடுத்தடுத்துத் தொங்கின. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விளக்கு. ஒவ்வொன்றின் விசையும் அவரவர் அறைக்குள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்னளவி. ஒருவர் சமைக்கும்போது அவருடைய விளக்கு மட்டும் எரியும்; பக்கத்து அடுப்புக்காரர் வந்தால் தம் விளக்கைப் போட்டுக்கொள்வார். பங்கீட்டுக் காலத்தில் அந்நகரம் ஐம்பது கிராம் எடையையும் இரண்டாகப் பிரித்து, பாதிக்குத் தனியாகத் தானியச் சீட்டு அச்சிட்டது. காலையில் கடையில் எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டு ஒன்று வாங்க அந்தச் சீட்டு போதும். ஷாங்காய்க்காரர்கள் கணக்குப் பார்ப்பவர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வது வழக்கம். அந்தக் கணக்கு எப்படிப்பட்ட இடநெருக்கடியில் பிறந்தது என்பதைச் சொல்ல ஒரு நல்ல நூல் வேண்டும்.

விடியுமுன் சந்துக்குள் வரும் மலவண்டியைப் பற்றியும், வண்டிக்காரரின் குரல் கேட்டதும் கதவோரம் வைக்கப்படும் மரக்கலங்களைப் பற்றியும், பெண்கள் அவற்றை மூங்கில் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவும் ஓசையைப் பற்றியும் லூ ஹான்சாவ் பல பக்கங்கள் எழுதியிருக்கிறார். அந்தக் கழிவு உழவர்களுக்கு எருவாக விற்கப்பட்டது; அதில் பெரும் பணம் புரண்டது; குத்தகை எடுத்தவர்கள் நகரத்தின் பெரும்புள்ளிகளானார்கள். பளபளப்பான அட்டை போட்டு வெளியிடப்படும் நகர வரலாறுகளில் இதற்கு இடமிருப்பதில்லை. நம் நகரங்களின் துப்புரவுப் பணியைப் பற்றியும் அதைச் செய்ய வைக்கப்பட்டவர்களைப் பற்றியும் தமிழில் எழுத்து வளர்ந்துவரும் இந்நாளில், இந்த அத்தியாயம் ஒன்றுக்காகவே அந்நூலைத் தமிழாக்கலாம்.

அடுத்து ஆலைகள். யாங்ஷூபு பகுதியில் வரிசையாக நின்ற பருத்தி ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள்; அவர்களைப் பற்றி எமிலி ஹோனிக் 1986இல் எழுதிய நூல் இன்றும் பழசாகவில்லை. ஒரே ஆலையில் வேலை செய்தாலும் ஊர் வேறானால் அந்தப் பெண்கள் அந்நியர்களே. யாங்ட்சி ஆற்றுக்கு வடக்கேயிருந்து வந்தவர்களுக்கு அழுக்கான, கடினமான வேலை; தெற்கத்தியருக்குச் சற்று மேலான வேலை; பேச்சு வேறு, உடை வேறு, ஒருவரையொருவர் பார்த்த பார்வையும் வேறு. அந்தப் பிளவுக்குள்ளேயே பெண்கள் சிலர் சேர்ந்து கோயிலில் ஊதுவத்தி ஏற்றிச் சகோதரிகளாக உறுதி பூண்டார்கள். வழியில் போக்கிரிகள் மறிப்பார்கள் என்று சேர்ந்தே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தே திரும்பினார்கள். ஊர்ப்பற்று தொழிலாளர் ஒற்றுமையைக் குலைத்தது என்ற முடிவுக்கு ஹோனிக் வருகிறார். ஏழாண்டுகளுக்குப் பின் எலிசபெத் பெர்ரி ஷாங்காய் வேலைநிறுத்தங்களைப் பற்றி எழுதிய நூலில், பிரிந்து கிடந்ததால் தொழிலாளர்கள் முடங்கிவிடவில்லை, ஊராலும் தொழில்திறத்தாலும் கட்டுண்ட குழுக்களே தத்தம் வகையில் வலுவான போராட்டங்களை நடத்தின என்று வாதிடுகிறார். சாதியும் ஊரும் தொழிற்சங்கத்துக்குள் என்ன செய்கின்றன என்பதைத் தமிழ்நாட்டில் நேரில் கண்ட எவரும் இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்துத் தாமே ஒரு முடிவுக்கு வர விரும்புவார். ஆகவே இவற்றைத் தனித்தனியே வெளியிடாமல் இணையாக வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆலைகளைப் பற்றிப் பேசும்போது, ஸியா யான் 1936இல் எழுதிய சிறிய நேரடி விவரணையை விட்டுவிட முடியாது. சிற்றூர்ப் பெற்றோரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, சில ஆண்டுகளுக்கென்று ஒப்பந்தம் எழுதி, சிறுமிகளை அழைத்துவந்து ஜப்பானியர் ஆலைகளில் விட்டு, அவர்களுடைய கூலியைத் தாமே வாங்கிக்கொண்ட தரகர்களைப் பற்றியது அது. ஆலைக்கு அருகே பூட்டிய வீட்டில் பாயில் நெருக்கிக் கிடத்தப்பட்டு, கஞ்சி குடித்து, அதிகாலையில் எழுப்பிவிடப்படும் அந்தச் சிறுமிகளைப் பற்றிப் படிக்கும் தமிழ் வாசகருக்கு, நம் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது நினைவுக்கு வராமல் இராது. சீன மாணவர்கள் பாடநூலில் படிக்கும் எழுத்து அது. ஐம்பது பக்கச் சிறு வெளியீடாகவே தமிழில் கொண்டுவந்துவிடலாம்.

நாவல்களைப் பொறுத்தவரை என் தேர்வு சற்றுப் பிடிவாதமானது. மாவோ துன் 1933இல் வெளியிட்ட நாவல் பங்குச்சந்தையையும் ஆலை முதலாளியின் வீழ்ச்சியையும் பெரிய அளவில் சித்திரிக்கிறது. அதை மதிக்கிறேன், ஆனால் அதன் மாந்தர்கள் நகரத்தில் குடியிருப்பவர்களாக அன்றி, ஒரு வாதத்தை நிறுவ வந்தவர்களாகவே எனக்குப் படுகிறார்கள். சாங் ஆய்லிங்கின் கட்டுரைகள் வேறு தரம். ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் அடுக்குமாடி வீடொன்றில் அமர்ந்து, டிராம் வண்டியின் ஓசை கேட்டால்தான் உறக்கம் வருகிறது என்று எழுதிய இளம்பெண் அவர். சந்தையில் காய்கறி நிறம், மின்தூக்கிக்காரரின் பேச்சு, துணிக்கடை, விலைவாசி என அவர் தொட்ட எதுவும் இன்னும் வாடவில்லை. கட்டுரைத் தொகுதிக்கு விற்பனை இல்லை என்று நீங்கள் தயங்குவீர்கள். தமிழில் நகரத்தைப் பற்றிய நல்ல கட்டுரைக்கு எப்போதுமே வாசகர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதே என் பதில்.

ஆயினும் முதல் நாவலாக வரவேண்டியது வாங் ஆன்யி 1990களின் நடுவில் எழுதியதும், 2000இல் மாவோ துன் பரிசு பெற்றதுமான நாவலே. பாய் ஜூயியின் பழங்கவிதையொன்றின் தலைப்பையே அது தன் தலைப்பாகக் கொண்டது. 1946இல் நடந்த அழகிப் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற ஒரு பெண்ணின் நாற்பதாண்டு வாழ்க்கை அதில் சொல்லப்படுகிறது. உள்நாட்டுப் போர், ஆட்சி மாற்றம், பண்பாட்டுப் புரட்சி எல்லாம் அந்த நாற்பதாண்டுக்குள் வந்துபோகின்றன. ஆனால் நாவல் அவற்றைச் சன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே தேநீர், சீட்டாட்டம், தையல் ஊசி, அடுப்பங்கரை, யார் யாரோடு பேசினார்கள் என்பதையே கவனிக்கிறது. நாயகி தோன்றுவதற்கு முன் ஆசிரியர் சந்துகளுக்கு ஓர் அத்தியாயம், வம்புப் பேச்சுக்கு ஓர் அத்தியாயம், கன்னிப்பெண்ணின் அறைக்கு ஓர் அத்தியாயம், கூரைக்கு மேல் பறக்கும் புறாக்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறார். ‘கதை எப்போது தொடங்கும்?’ என்று கேட்கும் பதிப்பாசிரியர் இந்தப் பக்கங்களைக் குறைக்கச் சொல்லுவார் என்ற அச்சம் எனக்கு உண்டு. அருள்கூர்ந்து ஒரு வரியையும் குறைக்காதீர்கள். நகரம் இருப்பது அந்தப் பக்கங்களில்தான்.

ஜின் யூசெங்கின் ‘ஃபான்ஹுவா’ இன்னும் கடினமான வேலை. ஷாங்காய் வட்டாரத்தாருக்கான ஓர் இணையதளத்தில் 2011இல் அன்றாடம் சிறிது சிறிதாக எழுதத் தொடங்கி, வாசகர்கள் தூண்டத் தூண்ட நீண்டு, மறு ஆண்டு இலக்கிய இதழில் வந்து, 2015இல் மாவோ துன் பரிசும் பெற்ற நாவல் அது. 1960, 70களின் சிறுவர்களும் 1990களின் விருந்துமேசைகளும் மாறி மாறி வர, வட்டாரப் பேச்சின் தாளத்திலேயே கதை நகர்கிறது. தெருக்களின் வரைபடங்களை ஆசிரியரே கையால் வரைந்து சேர்த்திருக்கிறார். அதைத் தழுவி வோங் கார்-வாய் இயக்கிய தொலைக்காட்சித் தொடர் 2023 இறுதியில் ஒளிபரப்பானபின் அதன் பெயர் உலகெங்கும் பரவியிருக்கிறது. அந்தப் பரபரப்பில் எவரேனும் அவசரமாக உரிமை வாங்கி அரைகுறையாக மொழிபெயர்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். வட்டார வழக்கில் நாவல் படிப்பது தமிழ் வாசகருக்குப் புதிதன்று. தகுந்த மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை காத்திருப்பதே நன்று.

இனி, நீங்கள் கேட்கத் தயங்கினாலும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு வருகிறேன். சீனா என்றதும் நம் பதிப்புலகம் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறது. ஓர் அணிக்குப் போற்றும் நூல்கள் வேண்டும். மற்ற அணிக்குத் தூற்றும் நூல்கள் வேண்டும். நகரத்தைப் பற்றிய நூல்கள் இந்த இரண்டுக்கும் ஒத்துவராது. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய நியென் செங் 1966இல் கைதாகி ஆறரை ஆண்டு தனிச்சிறையில் கிடந்ததையும், அக்காலத்தில் தம் மகள் கொல்லப்பட்டதையும் எழுதிய தன்வரலாறு படிப்பவரை உலுக்கும். அதை வெளியிடத்தான் வேண்டும். ஆனால் அது வசதியான வீட்டில், வேலையாட்களோடு வாழ்ந்த ஒருவரின் ஷாங்காய் என்பதையும் வாசகர் உணரவேண்டும். அதற்கு ஆலைப்பெண்களின் வரலாறும் அதே அலமாரியில் இருந்தாக வேண்டும். அதேபோல, பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அந்நகரிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஹெய்லோங்ஜியாங், யுன்னான், அன்ஹுய் என்று தொலைதூரச் சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீட்டில் படுக்க இடமில்லை. சிலருக்கு நகரக் குடியுரிமைப் பதிவும் எளிதில் கிடைக்கவில்லை. உடன்பிறந்தாரிடையே ஓர் அறைக்காக மூண்ட வழக்குகளை அறியாமல், 1990இல் ஆற்றின் கிழக்குக் கரையான புதோங் பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டபின் எழுந்த கோபுரங்களை மட்டும் பார்த்து வியப்பதில் பொருளில்லை.

அந்தக் கோபுரங்களுக்காக இடம் பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றிச் சின் ஷாவ் 2013இல் எழுதினார். நட்ட ஈட்டுத் தொகையை ஏற்க மறுத்து ஆண்டுக்கணக்கில் மனு எழுதியவர்கள், சட்டப் புத்தகத்தைத் தாமே படித்துத் தமக்காக வாதாடியவர்கள், மனு கொடுத்ததற்காகவே சிறை சென்றவர்கள் ஆகியோரை அவர் நேரில் சந்தித்து எழுதியது அது. அடுத்த ஆண்டு ஜியே லி, தம் தாத்தா பாட்டிகள் வாழ்ந்த இரண்டு சந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சுவர், மாடிப்படி, அலமாரி, வம்புப் பேச்சு ஆகியவற்றின் வழியே ஒரு நூற்றாண்டைச் சொன்னார். இரண்டுமே ஆய்வாளர்களின் நூல்கள்தாம், ஆனால் இரண்டிலும் ஆய்வு மொழியின் வறட்சி இல்லை. சென்னையில் ஆற்றங்கரைகளிலிருந்து மக்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட வரலாற்றை எழுத முனைவோருக்கு இவ்விரு நூல்களும் முறையியலையே கற்றுத்தரக்கூடும்.

நூல் வெளியிடுவோரான உங்களுக்கு ஷாங்காயில் இன்னொரு தனி அக்கறையும் இருக்க வேண்டும். சீன மொழியின் நவீன அச்சுத்தொழில் வளர்ந்த நகரம் அது. ‘ஷென்பாவ்’ நாளிதழ் அங்கே 1872இல் தொடங்கி 1949 வரை வந்தது. 1897இல் சிறிய அச்சகமாகத் தொடங்கிய வணிக அச்சகம், பாடநூலும் அகராதியும் மொழிபெயர்ப்பும் வெளியிட்டு நாட்டின் மிகப் பெரிய பதிப்பகமாக வளர்ந்தது. வாசகர்களுக்கென்று ஒரு பெரும் நூலகத்தையும் திறந்துவைத்தது. 1932 ஜனவரி இறுதியில் ஜப்பானிய விமானங்கள் அதன் அச்சுக்கூடங்கள்மீது குண்டுவீசின. சில நாட்களில் நூலகமும் எரிந்து, கிடைத்தற்கரிய பழஞ்சுவடிகள் உட்பட லட்சக்கணக்கான நூல்கள் சாம்பலாயின. அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் மீண்டும் அச்சடிக்கத் தொடங்கியது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறவாத ஒரு மொழியினர் இந்த வரலாற்றைத் தங்கள் மொழியில் எழுதவோ பெயர்க்கவோ இத்தனை காலம் எடுத்துக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

நடைமுறை பற்றிச் சில சொல்லி முடிக்கிறேன். ஆய்வு நூல்களில் நான் குறிப்பிட்டவை ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை ஆகையால், அவற்றைத் தமிழாக்க நம்மிடமுள்ள மொழிபெயர்ப்பாளர்களே போதும். பல்கலைக்கழகப் பதிப்பகங்களிடம் இந்திய மொழி உரிமை பெறுவது புகழ்பெற்ற நாவலுக்கு உரிமை வாங்குவதைவிடச் செலவு குறைந்ததாகவே இருக்கும். நாவல்களும் கட்டுரைகளும் அப்படியல்ல. அவை சீனத்திலிருந்து நேராக வரவேண்டும். அது முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. சீனத்தின் மிகப் பழைய கவிதைத் தொகையிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களைப் ‘பயணி’ என்ற பெயரில் எழுதுபவர் மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். சீனத்தில் படிக்கவும் பேசவும் தேர்ந்த தமிழ் இளைஞர்கள் இன்று வணிக நிறுவனங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். அவர்களுள் இலக்கிய நாட்டம் உள்ளவர்களைக் கண்டுபிடித்து, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூச்சப்படாமல் கூலி பேசி, ஈராண்டு அவகாசமும் கொடுத்தால் வேலை நடக்கும். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்க்காமல், ஒலியைக் கேட்டு எழுதும் ஒரு பொதுமுறையை நூல்வரிசை முழுவதற்கும் வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நூலில் ஒரு பெயராகவும் மறு நூலில் வேறு பெயராகவும் வரும் தெருவை வாசகர் எங்கே தேடுவார்? ஒவ்வொரு நூலிலும் நகர வரைபடம் ஒன்றும், சந்து வீட்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

நூல் தெரிவுக் குழுவினருக்குத் தனியே ஒரு விண்ணப்பம். இத்தகைய வரிசை ஒன்று வெளிவந்தால், அதைப் ‘பிறநாட்டு வரலாறு’ என்ற தலைப்பின்கீழ் ஒரு படி வாங்கிப் பூட்டி வைத்துவிடாதீர்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மட்டுமன்றி, திருப்பூர், கோவை, இராசபாளையம் போன்ற ஆலை நகரங்களின் கிளை நூலகங்களிலும் அவை இருக்கவேண்டும்; ஹோனிக்கின் நூலை எடுத்துப் படிக்கக் காரணமுள்ளவர்கள் அங்கேதான் அதிகம். பதிப்பாளர்களுக்கோ, 2023 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்துவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி இதற்கென்றே அமைந்தது போன்ற வாய்ப்பு. நம் நூல்களைப் பிற மொழிக்கு அனுப்பும் ஆர்வம் அங்கே நிறையவே தெரிகிறது. அதே மேசையில் அமர்ந்து, லூ ஹான்சாவின் நூலுக்கும் வாங் ஆன்யியின் நாவலுக்கும் தமிழ் உரிமை எவரிடம் இருக்கிறது, என்ன தொகை கேட்கிறார்கள் என்று வரும் காட்சியிலேயே விசாரித்துவிட வேண்டுகிறேன். முன்பதிவுத் திட்டம் அறிவித்தால் பணம் கட்டுவோரில் நானும் ஒருவன். நூல்களின் வரைபடத்தைச் சரிபார்க்கவும் தெருப்பெயர்களின் ஒலியை ஒப்புநோக்கவும் ஆள் தேவைப்பட்டால், கூலி எதிர்பாராமல் அந்த வேலையையும் செய்து தருவேன்.

இப்படிக்கு,
தங்கள் நூல்களை வாங்கிப் படித்துவரும் ஒரு வாசகன்